கழித்துப் போட்ட மணலின் கணக்கு

கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கப்பலேறிப் போன மணல்தான் மணவாளக்குறிச்சியை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. திருவிதாங்கூர் கடற்கரையில் திரித்த தேங்காய்நார்க் கயிறு அந்தக் காலத்தில் ஜெர்மனிக்கு ஏற்றுமதியானது. 1909ஆம் ஆண்டு அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு, கடியபட்டணத்தை ஒட்டிக் கடலில் கலக்கும் பகுதி அது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது.

மோனசைட்டுக்கு அப்போது இருந்த மதிப்பெல்லாம் விளக்குக்காகத்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பம்ப் அடித்துக் கொளுத்திய தலைமுறைக்கு அதன் மேண்டில் நினைவிருக்கும். துணிப்பையாகக் கட்டும் அந்த வலை முதல் தீயில் எரிந்து வெண்கூடாக நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அந்த வெண்கூட்டில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, மீதி ஒரு விழுக்காடு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் கண்டறிந்த கலவை இது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் அதை நம்பியே எரிந்தன. தோரியம் கிடைத்தது மோனசைட்டில். மோனசைட் வந்தது பெரும்பாலும் பிரேசில் கடற்கரையிலிருந்து. அந்த வணிகம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. திருவிதாங்கூர் மணலில் தோரியத்தின் அளவு பிரேசில் மணலைவிடக் கூடுதல் என்று தெரிந்ததும் எல்லோர் பார்வையும் இந்தப் பக்கம் திரும்பியது. 1914இல் உலகப்போர் மூண்டதும் ஷோம்பெர்க் கைதானார். தொழில் லண்டன் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது.

அந்த ஆலை எதை எடுத்தது என்பதைப் போலவே எதை விட்டுவிட்டது என்பதும் முக்கியம். இந்தக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் சிறு பங்குதான். கருமைக்குக் காரணம் இல்மனைட்: இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த கனிமம். மோனசைட்டைப் பொறுக்கும்போது கூடவே வந்து குவியும் வேண்டாத பொருளாகத்தான் தொடக்கத்தில் அது இருந்தது. பிறகு வண்ணப்பூச்சுத் தொழிலில் ஈயவெள்ளைக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு வந்தது. ஈயத்தின் நஞ்சு அதில் இல்லை, மறைக்கும் திறனும் கூடுதல். 1922இல் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகச் சந்தைக்கு இல்மனைட் தந்த இடங்களில் திருவிதாங்கூர் முன்வரிசையில் நின்றது. விளக்கு மேண்டிலின் இடத்தை மின்விளக்கு பிடித்துக்கொள்ள, மோனசைட் பின்னுக்குப் போயிற்று. ஒதுக்கிய கருமணல் தொழிலைத் தாங்கியது.

ஐரோப்பாவிலும் இதே திருப்பம் வேறு வகையில் நடந்தது. மோனசைட்டில் தோரியம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களின் ஆக்சைடுகள் ஏறத்தாழ 60 விழுக்காடு. தோரியத்தை எடுத்த பிறகு அவை வாங்க ஆளில்லாமல் குவிந்தன. வெல்ஸ்பாக் அந்தக் கழிவைக் கையில் எடுத்தார். சீரியம் மிகுந்த உலோகக் கலவையில் இரும்பைச் சேர்த்தால், உரசியதும் பொறி பறப்பதைக் கண்டு 1903இல் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரில் இருக்கும் கல் அதுதான். ஒரே மனிதர் விளக்கையும் கண்டுபிடித்து, அந்த விளக்கின் கழிவிலிருந்து தீக்கல்லையும் செய்தார்!

கழிவு என்று நாம் ஒதுக்குவதில் என்ன இருக்கிறது என்பதைப் பாறையும் ஆறும் கடலும் என்றைக்கோ முடிவுசெய்துவிட்டன. அதற்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதை மட்டுமே அந்தந்தக் காலத்து மனிதர்கள் முடிவுசெய்கிறார்கள். மணவாளக்குறிச்சி இதற்கு ஒரு சாட்சி. கோலார் தங்கவயல் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முதலில் பாறை. மணவாளக்குறிச்சிக்கு வடகிழக்கே வேளிமலை. அதற்கும் அப்பால் மகேந்திரகிரி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. இங்குள்ள முக்கியப் பாறைகள் சார்னகைட், கோண்டலைட், கார்னெட் பதிந்த நைஸ் வகைகள். (சார்னகைட்டுக்குப் பெயர் தந்தது கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல். சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறையும் அதே இனம்.) சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இறுகியபோது, நாஞ்சில் நாட்டுப் பாறைகள் தரைக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 800 பாகை செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தில் வெந்தன. நீரும் ஆவியும் வெளியேறி, பாறை உலர்ந்து மறுபடிகமானது. அந்தச் சூட்டில் உருவான, மறுபடி வளர்ந்த படிகங்களில் மோனசைட்டும் சிர்க்கானும் அடக்கம். 55 கோடி என்ற எண்ணை நமக்குச் சொல்வதும் அவைதான். அவற்றுக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் மாறா வேகத்தில் சிதைந்து ஈயமாகின்றன. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

மேலே கிடந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிபட்டுப் போனதால் அந்த ஆழத்துப் பாறை இன்று மலையாக நிற்கிறது. இரண்டு பருவமழையும் வெயிலும் அதைத் தொடர்ந்து உடைக்கின்றன. ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறி ஆற்று நீரில் கலங்கலாகப் போய்விடும். குவார்ட்ஸ் மாறாது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட், சிலிமனைட் ஆகியவையும் அவ்வளவாக மாறாமல் மணலாகக் கடலுக்கு வந்து சேர்கின்றன.

மீதி வேலை அலையுடையது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. கார்னெட் சுமார் 4, இல்மனைட்டும் சிர்க்கானும் 4.7 அளவில், மோனசைட் 5-ஐத் தாண்டும். கரையேறும் அலை எல்லா மணலையும் அள்ளிக்கொண்டு வரும். திரும்பும் நீருக்கு அந்த வலு இல்லை. இலேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுவிட்டுப் போகும். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குவது போலத்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆனி ஆடிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் இந்தப் பிரிப்பு உச்சத்துக்குப் போகும். கரை அரிபட்ட இடத்தில் வெண்மணல் போய்க் கருமணல் படலம் தெரியும். கிழக்கே முட்டத்துப் பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், அதற்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட வளைவில் வந்த மணல் தங்குகிறது. சுமார் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கரைதான் உலகத்துக்குத் தெரிந்த மணவாளக்குறிச்சிப் படிவு.

கனத்தால் பிரிவதுதான் விதியென்றால், அடர்த்தி 19.3 உள்ள தங்கம் இங்கே எல்லாவற்றுக்கும் முன்பாகத் தங்கியிருக்க வேண்டாமா? தங்கியிருக்கும், மலையில் இருந்திருந்தால். தங்கம் பெரும்பாலும், பூமியின் ஆழத்திலிருந்து சில நூறு பாகை வெப்பத்தோடு மேலேறும் நீரில் கந்தகத்தோடு பிணைந்து கரைந்து வருகிறது. பாறையின் பிளவுகளில் அந்த நீரின் அழுத்தமும் வேதியியலும் மாறும்போது குவார்ட்ஸோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. நாஞ்சில் நாட்டுப் பாறைகள் அளவுக்கு மீறி வெந்து, நீரை எல்லாம் இழந்தவை. அப்படிப்பட்ட பாறையில் தங்க நரம்புகளை எதிர்பார்க்க முடியாது. நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் அத்தகைய குவார்ட்ஸ் நரம்புகள் உண்டு. 1880 வாக்கில் வெள்ளைக்காரர்கள் கம்பெனி கம்பெனியாக அங்கே குவிந்து நொடித்துப் போனார்கள். அந்த மலைகளிலிருந்து இறங்கும் சாலியாற்றின் மணலை நிலம்பூரில் இன்றும் அரித்துத் தங்கத்துகள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

உலகிலேயே மிக அதிகமாகத் தங்கம் தந்த தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் படிவுகளும், பெரும்பாலான நிலவியலாளர்கள் கருதுவதுபோல, அந்தக் காலத்து ஆறுகள் அரித்துச் சேர்த்தவையே. 270 கோடி ஆண்டுகளுக்கும் மேலான அந்தக் கூழாங்கல் படிவுகளில் தங்கத்தோடு சிர்க்கான் மணிகளும் யுரேனியக் கனிமமும் சேர்ந்து கிடக்கின்றன. அது கல்லாகிப்போன பழைய ஆற்றுப்படுகை, மணவாளக்குறிச்சி இன்றும் ஈரம் காயாத கடற்கரை. பிரித்தது ஒரே விதி.

தங்கவயலுக்கு வருவோம். கோலார் தங்கவயலின் கதை தமிழ்க் குடும்பங்களின் கதை. வடஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்து ஏழை மக்கள்தான் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் உரிகத்திலும் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தார்கள். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதுவரை எடுத்த தங்கம் சுமார் 800 டன். ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கும் மேல் கிடைத்தது, கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. பாறையை மாவாக்கித் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய தூள் ஊரைச் சுற்றி மலை மலையாகக் குவிந்தது. சயனைடு மேடு என்பார்கள். பதின்மூன்று மேடுகள், மொத்தம் 3.3 கோடி டன். அவற்றை மறுபடி அரிக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அந்தத் தூளில் டன்னுக்குச் சராசரி 0.7 கிராம் என்ற அளவை வைத்துப் பெருக்கினால் 23 டன் தங்கம் வருகிறது. முழுதும் கைக்கு வராது. முதலில் எடுத்தபோதே அது ஏன் தப்பியது? பாதரசத்தில் தங்கத்தைப் பிடித்த காலத்தில், பாதரசத்தைத் தொடாமலே நழுவிய நுண்துகள்கள் ஏராளம். 1887இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. நீர்த்த சயனைடு கரைசல், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு தங்கத்தைக் கரைத்துவிடும். ஆனால் கரைசல் தொட்டால்தானே கரையும்? குவார்ட்ஸ் துணுக்குக்குள்ளோ சல்பைடு மணிக்குள்ளோ பூட்டிக்கிடக்கும் தங்கத்தை அது தொடவே முடியாது. இன்று அந்தத் தூளை இன்னும் நுண்ணியதாக அரைக்கலாம். கரைந்த தங்கத்தைக் கரித்துண்டுகளில் ஒட்டவைத்து மீட்கலாம். சுரங்கம் தோண்டுவது, பாறையை மேலே ஏற்றுவது, முதல்முறை உடைப்பது ஆகிய பெரும் செலவுகளை நம் முன்னோர் தங்கள் நுரையீரலைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதனால்தான் 0.7 கிராம்கூடக் கட்டுப்படியாகிறது. சிலிக்காத் தூளில் இருமிச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த மேடுகளின் அடிவாரத்தில் குடியிருக்கிறார்கள். அந்தத் தங்கத்தில் முதல் பங்கு அவர்களுக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மணவாளக்குறிச்சியில் சயனைடுக்கு வேலையில்லை. இங்கே பிரிப்பது முழுக்க இயற்பியல். கடற்கரையிலேயே ஒரு பிடி கருமணலை உள்ளங்கையில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கறுத்து மின்னுவது இல்மனைட். வெளிர்சிவப்பில் கார்னெட், பழுப்புச் சிவப்பில் ரூட்டைல், நிறமற்ற பொடிமணியாக சிர்க்கான், கண்ணாடிச் சீவலாக சிலிமனைட். தேன் நிறத்தில், முனை மழுங்கி, லேசாக எண்ணெய் பூசியது போல் இருப்பது மோனசைட். சக்திவாய்ந்த ஒரு நியோடிமியம் காந்தத்தை மேலே கொண்டுபோனால் கறுப்பு மணிகள் பாய்ந்து ஒட்டும், கார்னெட் தயங்கித் தயங்கி வரும், சிர்க்கான் அசையாது. அந்தக் காந்தத்துக்கு உயிர்தரும் நியோடிமியம் பக்கத்திலேயே கிடக்கும் தேன் நிற மணிக்குள்ளும் இருக்கிறது.

ஆலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். முதலில் சுருள் வடிவச் சரிவுகளில் மணலை நீரோடு ஓடவிட்டு வெண்மணலைக் கழிக்கிறார்கள். மிஞ்சிய கனமணலை உலர்த்தி, சூட்டோடு, சுழலும் உலோக உருளைமீது மெல்லிய படலமாக விழவைக்கிறார்கள். பக்கத்தில் பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய கம்பி மணிகள்மீது மின்னூட்டத்தைத் தெளிக்கும். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்துபவை. வாங்கியதை உருளையிடம் உடனே கொடுத்துவிட்டு எகிறித் தள்ளி விழும். சிர்க்கானும் மோனசைட்டும் கார்னெட்டும் கடத்தாதவை. உருளையில் ஒட்டிக்கொண்டே சுற்றிப்போய்ப் பின்பக்கத்தில் விழும். பிறகு காந்தம். முதல் கூட்டத்தில் காந்தம் இழுப்பது இல்மனைட், இழுக்காதது ரூட்டைல். இரண்டாவதில் கார்னெட் எளிதில் வரும், மோனசைட்டுக்கு வலுவான காந்தம் வேண்டும், சிர்க்கான் வராது. ஒரு மருந்தும் சேர்க்காமல், ஒரு மணியையும் கரைக்காமல் ஐந்து கனிமங்கள் தனித்தனியாகின்றன. நான் அறிந்த தொழில்முறைகளில் இவ்வளவு தெளிவானது வேறில்லை.

ஆனாலும் எந்த உருளையும் முழுமையாகப் பிரிப்பதில்லை. கடைசியில் மோனசைட் கலந்த கழிவு மிஞ்சும். அதில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு உண்டு. நினைத்த இடத்தில் கொட்ட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி மோனசைட் செறிந்த கழிவைக் குழிகளில் இட்டு மேலே மணல் மூடி வைக்கிறார்கள். ஷோம்பெர்க் தேடிவந்த அதே பொருள் நூறாண்டு கழித்துக் குழிக்குள் போகிறது! ஆனால் அதற்கு மறுபடி நல்ல காலம் வந்துவிட்டது.

1950 ஆகஸ்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவாகி, 1952இல் ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்தத் தொடங்கியபோது குறி தோரியம்மீது இருந்தது. ஹோமி பாபாவின் மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் கடைசிக் கட்டம் அதை நம்பியது. தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐக் கொண்டு கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு ஆய்வு உலை 1996 முதல் இயங்குகிறது. பெரிய அளவில் தோரியம் எரிபொருளாகும் நாள் தள்ளிக்கொண்டே போக, ஆலுவாவில் தோரியம் கிடங்குகளில் சேர்ந்தது. பின்னாளில் அந்த இருப்பைத் திறந்து, அதில் சிறிதளவு இருந்த யுரேனியத்தைப் பிரித்தெடுத்துவிட்டுத் தோரியத்தை மறுபடி பத்திரப்படுத்தினார்கள். ஒழுங்காக மூடி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

இப்போது தேவை அருமண் தனிமங்கள். மின்வண்டி மோட்டார், காற்றாலை, கைப்பேசி எல்லாவற்றுக்கும் நியோடிமியம் காந்தம் வேண்டும். சீனா மலிவாக விற்றவரை இங்கே எடுப்பது கட்டுப்படியாகவில்லை. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் நம் நாட்டு வாகன ஆலைகள் தவித்தன. நாடு முழுவதும் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணு கனிமங்கள் இயக்குநரகம் மதிப்பிட்டிருக்கிறது. அதன் அருமண் பங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நியோடிமியம். டிஸ்புரோசியம் போன்ற கன அருமண்கள் அதில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த மணல் எல்லாத் தட்டுப்பாட்டையும் தீர்த்துவிடாது.

கழிவை மறுபடி கிளறுவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ருமேனியாவின் பாயா மாரே நகரில், பழைய சுரங்கக் கழிவிலிருந்து தங்கம் மீட்கத்தான் ஓர் ஆலை நடந்தது. 2000 ஜனவரி 30 அன்று அதன் அணை உடைந்து, சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் ஆற்றில் கலந்து, டிசா ஆறு வழியாக டான்யூப் வரை போய் மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. தங்கவயலில் மேட்டைத் தொடுமுன் இதை நினைக்க வேண்டும். மணவாளக்குறிச்சியில் பயம் வேறு: தூசும் கதிர்வீச்சும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே போன்ற மணல்மீது வாழும் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் அது இயற்கையாகக் கிடக்கும் மணலைப் பற்றியது. உலர்ந்த தூசைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

கடற்புறத்து மக்களுக்கு மணலே அரண். 2004 ஆழிப்பேரலையில் குளச்சல், கொட்டில்பாடு கரையில் நூற்றுக்கணக்கானோர் செத்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு உள்ளிட்ட கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது அவர்கள் எதிர்த்து நின்றதில் நியாயம் இருக்கிறது. கனமணலை எடுத்த பிறகு வெண்மணலைத் திரும்பக் கொட்டினாலும், எடுத்த அளவுக்கு நிலம் தாழத்தான் செய்யும்.

ஆகவே அரசிடமும் மணல் எடுக்கும் நிறுவனத்திடமும் கேட்க ஒன்று உண்டு. நூறாண்டுகளாகப் பிரித்த மணலில் எஞ்சியது எவ்வளவு, எந்தெந்தக் குழியில் இருக்கிறது, அதில் மோனசைட் எத்தனை விழுக்காடு என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு மணவாளக்குறிச்சிப் பேரூராட்சியில் வையுங்கள். மீட்க முடிந்ததை அதிலிருந்து முதலில் மீட்டெடுங்கள். சுற்றியுள்ள ஊர்களின் உடல்நலப் பதிவை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இந்த மூன்றும் நடந்த பிறகு கிள்ளியூர் கரையைப் பற்றிப் பேசலாம்.